துறைமுகத்தில் ஒரு வார இறுதி: ஹாங்காங்கில் வேலை பார்ப்போரும் அவர்களின் நகரமும்

ஹாங்காங் தீவுக்கும் கவுலூன் தீபகற்பத்துக்கும் நடுவே உள்ள விக்டோரியா துறைமுகம் இயற்கையிலேயே ஆழமானது. தெற்கே தீவின் மலைகளும் வடக்கே கவுலூனுக்குப் பின்னாலுள்ள மலைத்தொடரும் காற்றைத் தடுத்து நிற்கின்றன. பெரிய கப்பல்கள் அச்சமின்றி நங்கூரம் போட முடிந்த இந்த நீர்ப்பரப்புக்காகவே பிரிட்டன் தீவின்மேல் கண் வைத்தது. அபினி வணிகத்தைக் காக்க நடத்திய போரின் முடிவில், 1842ஆம் ஆண்டு நான்கிங் ஒப்பந்தத்தின் வழியாகத் தீவு அதன் கைக்குப் போயிற்று. 1860இல் கவுலூனின் தென்முனை சேர்ந்தது. 1898இல் அதற்கு வடக்கேயுள்ள நிலமும் சுற்றுத் தீவுகளும் 99 ஆண்டுக் குத்தகைக்கு வந்தன. அந்தக் குத்தகை முடியும் காலத்தில், 1997 ஜூலை 1 அன்று, எல்லாம் சீனாவிடம் திரும்பின.

இந்த ஆண்டுகளை எந்தப் பள்ளிப் புத்தகமும் சொல்லிவிடும். நகரத்தைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்குத்தான் அங்கே இடம் குறைவு. மிகப் பெரும்பாலோர் தெற்குச் சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களோடு பம்பாய்ப் பார்சிகள், கல்கத்தா ஆர்மீனியர்கள், பஞ்சாபிச் சீக்கியர்கள், சிந்தி வணிகர்கள், காயல்பட்டினத்து இரத்தின வணிகர்கள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் என்று வேலைக்காகக் கடல் கடந்தவர்கள் அலை அலையாக வந்து சேர்ந்தார்கள். ஆகவே இன்று ஒரு வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ உணவகத்திலோ ஒப்பந்தம் பெற்று அங்கே போய் இறங்குபவர் தனக்கு முன்னால் வந்தவர்கள் விட்டுச்சென்ற ஊரில்தான் இறங்குகிறார். அந்தத் தடங்கள் பெரும்பாலும் கரையோரத்திலேயே கிடக்கின்றன. ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஆறஅமர நடக்கக் கால்கள், படகுக்குச் சில்லறை ஆகியவை இருந்தால் அவற்றைப் பார்த்துவிடலாம்.

வார இறுதி என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஹாங்காங்கின் வேலைவாய்ப்புச் சட்டம் ஏழு நாளுக்கு ஒரு நாள், தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வை உறுதி செய்கிறது. பல அலுவலகங்கள் ஐந்து நாள் வாரத்துக்கு மாறிவிட்டன. கடை, உணவகம், கட்டடப் பணி, வீட்டு வேலை ஆகியவற்றில் இருப்போருக்கோ பெரும்பாலும் ஒரு நாள்தான். இரண்டு நாள் கிடைப்பவர்களிலும் பலர் அதைத் தூக்கத்துக்கும் துணி துவைப்பதற்கும் ஊரோடு பேசுவதற்கும் செலவழித்துவிட்டு, மீதி நேரத்தை வணிக வளாகங்களில் கழிக்கிறார்கள். வாரம் முழுவதும் சுரங்க ரயிலில் போய்வருபவர் நாள்தோறும் துறைமுகத்துக்கு அடியில் கடந்தும் கடலை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருந்துவிட முடியும். இது பெரிய இழப்பு.

சனிக்கிழமையைக் கவுலூன் பக்கத்தில் தொடங்குவதே நல்லது. நகரம் காலையில் மெதுவாகத்தான் கண் விழிக்கும். பல கடைகள் பத்து, பதினொரு மணிக்கு முன் திறப்பதில்லை. அதற்குமுன் திறந்திருப்பவை சா சான் தெங் எனப்படும் சிற்றுண்டிச் சாலைகள். மேலைநாட்டு உணவகங்களில் சாப்பிடக் கட்டுப்படியாகாத உழைப்பாளிகளுக்காக, அதே பண்டங்களை உள்ளூர்க் கைப்பக்குவத்தில் மலிவாகக் கொடுக்கத் தொடங்கிய கடைகள் இவை. துணி வடிகட்டியில் கடுமையாக இறக்கிய தேயிலைச் சாற்றில் சுண்டிய டின் பாலை ஊற்றித் தரும் தேநீர் இவற்றின் பெருமை. காப்பியும் தேநீரும் கலந்த யூன்யோங் என்ற பானமும் உண்டு. அடர்த்தியான பால் தேநீருக்குப் பழகிய தமிழர் நாக்குக்கு இந்தக் கடைகள் முதல் நாளிலேயே உறவாகிவிடும்.

அங்கிருந்து நேத்தன் சாலை. 1904 முதல் 1907 வரை ஆளுநராக இருந்த மாத்யூ நேத்தனின் பெயரைத் தாங்கிய இந்தச் சாலையில், கவுலூன் பள்ளிவாசல் வெண்சலவைக் கல் ஒளியோடு நிற்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்களுக்காக 1896இல் கட்டப்பட்ட பழைய பள்ளிவாசல், அருகே சுரங்க ரயில் பணி நடந்தபோது பழுதுபட்டது. இப்போதுள்ள கட்டடம் 1984இல் திறக்கப்பட்டது. அதை ஒட்டியுள்ள கவுலூன் பூங்கா முன்பு அந்த வீரர்கள் தங்கியிருந்த படைமுகாம், 1970இல்தான் பூங்காவாயிற்று. மரநிழலில் முதியவர்கள் தைச்சி பழகும் இந்த இடத்தில் ஒரு காலத்தில் பஞ்சாபியும் உருதும் ஒலித்தன.

சற்றுத் தெற்கே சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961இல் எழுந்த 17 மாடிக் கட்டடம்; ஐந்து தொகுதிகள். கீழ்த்தளத்தில் பணமாற்றுக் கடைகளும் கைப்பேசிக் கடைகளும் மசாலாக் கடைகளும் இருக்கின்றன. மேலே மலிவான விடுதிகளும் தெற்காசிய உணவகங்களும். மானுடவியலாளர் கார்டன் மாத்யூஸ் பல ஆண்டுகள் இங்கே பழகி ஆராய்ந்து 2011இல் ஒரு நூலே எழுதினார். பெரிய நிறுவனங்களின் கண்ணில் படாத உலக வணிகம், ஆப்பிரிக்க, தெற்காசியச் சிறு வியாபாரிகளின் பெட்டிகளில் இங்கிருந்து புறப்பட்டுப் போவதை அவர் விரிவாகக் காட்டினார். ஆபத்தான இடம் என்ற பழைய பேச்சை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி ஒதுங்கிப் போவது தவறு. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் புதியவருக்கும் ஊருக்குப் பணம் அனுப்பும் பழையவருக்கும் இது பயன்படும் இடம்.

நேத்தன் சாலையின் முடிவில் கடல். கரையில் 44 மீட்டர் உயரமுள்ள செங்கல், கருங்கல் மணிக்கூண்டு ஒன்று தனியே நிற்கிறது. 1915இல் கட்டி முடிந்த இது கவுலூன் – காண்டன் ரயில் பாதையின் முனைய நிலையத்தைச் சேர்ந்தது. நிலையத்தை 1978இல் இடித்தார்கள். மக்கள் எதிர்ப்பால் கூண்டு தப்பியது. சீனாவிலிருந்து ரயிலில் வந்து, இந்தக் கூண்டைக் கடந்து, படகேறித் தீவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இன்றும் கூண்டின் அடியிலிருந்து சில எட்டில் ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறை.

இந்தப் படகைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இதைத் தொடங்கியவர் தோராப்ஜி நவுரோஜி மித்தாய்வாலா என்ற பார்சி. அவர் 1888இல் நிறுவிய கவுலூன் ஃபெர்ரி கம்பெனி, பத்து ஆண்டு கழித்து, 1898இல், கைமாறி ஸ்டார் ஃபெர்ரி என்ற பெயர் பெற்றது. படகுகளின் பெயரெல்லாம் நட்சத்திரத்தில் முடியும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1972இல் துறைமுகத்துக்கு அடியில் சாலைச் சுரங்கம் வரும்வரை, அக்கரைக்குப் போக நினைத்த எவரும் ஏதாவது ஒரு படகில்தான் ஏற வேண்டியிருந்தது. 1980இல் சுரங்க ரயிலும் வந்தபின் கூட்டம் குறைந்தது. ஆனாலும் பச்சையும் வெள்ளையும் பூசிய அந்தப் படகுகள் நிற்கவில்லை.

படகின் அமைப்பே ஒரு பாடம். இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் துறையை விட்டுக் கிளம்பும்போது படகைத் திருப்ப வேண்டியதில்லை. மர இருக்கைகளின் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பயணிகள்தான் திசை மாற்றிக்கொள்கிறார்கள். கரை நெருங்கும்போது நீலச் சீருடை அணிந்த பணியாளர் கொக்கி மாட்டிய கம்பால் கயிற்றைப் பற்றி முளையில் சுற்றுகிறார். மேல்தளத்துக்கு ஒரு கட்டணம், கீழ்த்தளத்துக்கு அதைவிடக் குறைந்த கட்டணம். வார இறுதியில் இரண்டும் சற்றுக் கூடும். கீழ்த்தளத்தில் எஞ்சின் ஓசையும் எண்ணெய் வாசனையும் அலையின் அருகாமையும் இருப்பதால், ஒருமுறை மேலே போனால் திரும்பும்போது கீழே வர வேண்டும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பயணத்துக்குள் சரக்குப் படகுகளும் காவல் படகுகளும் தீவுகளுக்கு விரையும் கப்பல்களும் குறுக்கே போய்விடும்.

இந்தப் படகின் கட்டணம் ஒருமுறை நகரத்தையே உலுக்கியது. 1966ஆம் ஆண்டு ஏப்ரலில், முதல் வகுப்புக் கட்டணத்தில் 5 சென்ட் உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து சோ சவ்-சுங் என்ற இளைஞர் படகுத்துறையில் உண்ணாநோன்பு இருந்தார். அவரைக் கைது செய்தார்கள். கவுலூன் தெருக்களில் பல இரவுகள் கலவரம் நடந்தது, ஒருவர் உயிரிழந்தார், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். ஐந்து சென்ட்டுக்கா இவ்வளவு என்று கேட்டால், அன்றைய கூலியையும் நெரிசலான குடியிருப்புகளையும் காது கொடுக்காத காலனி அரசையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006இல் மீண்டும் ஒரு போராட்டம். சென்ட்ரல் பகுதியில் 1957 முதல் இருந்த படகுத்துறையைக் கடலைத் தூர்ப்பதற்காக இடித்தபோது, இளைஞர்கள் அங்கேயே தங்கி எதிர்த்தார்கள். இடிப்பு நிற்கவில்லை. இன்று படகு போய்ச் சேரும் ஏழாம் எண் துறை பழைய பாணியில் புதிதாகக் கட்டப்பட்டது.

கடலைத் தூர்த்தல் என்பது இந்த நகரத்தின் வரலாற்றில் ஓயாத வேலை. இறங்கியவுடன் தெற்கே நடப்பவர், ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலத்தின்மேல்தான் நெடுநேரம் நடக்கிறார். காலனியின் தொடக்கத்தில் குவீன்ஸ் சாலைக்கு அருகிலேயே அலை அடித்தது. 1890ஐ ஒட்டித் தொடங்கிய மாபெரும் தூர்ப்புத் திட்டத்தின் மூளை பால் சேட்டர். 1846இல் கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர், 1864இல் வேலைக்காக ஹாங்காங் வந்தவர். இன்றைய வங்கிகளும் நீதிமன்றக் கட்டடமும் நிற்கும் நிலம் அவருடைய திட்டத்தில் கிடைத்தது. அதன் நடுவே ஓடும் சாலைக்கும் அவர் பெயர்தான். ஆனால் தூர்ப்பு அவரோடு நிற்கவில்லை. துறைமுகம் குறுகிக் குறுகி வர, மக்கள் அமைப்புகள் எழுந்தன. 1997இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தவிர்க்க முடியாத பொதுத் தேவை இருந்தாலொழிய விக்டோரியா துறைமுகத்தைத் தூர்க்கக் கூடாது என்று 2004இல் இறுதி மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை நகரங்களில் வாழும் எவரும் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

பழைய கரையை இன்று பார்க்க எளிய வழி டிராம் வண்டி. 1904இல் ஓடத் தொடங்கியபோது பாதை பெரும்பாலும் கடலோரமாகவே சென்றது; இப்போது அதன் இருபுறமும் மாடிக் கட்டடங்கள்தான். மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷவ் கெய் வான் வரை சுமார் 13 கிலோமீட்டர். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். மேல்தளத்தின் முன்வரிசை இருக்கை கிடைத்தால் மதியம் முழுவதும் அதிலேயே கழிக்கலாம்.

ஹாப்பி வேலிக்குப் பிரியும் டிராம் தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணத்தால் முக்கியம். குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி, கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட், முஸ்லிம், பார்சிக் கல்லறைத் தோட்டங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அருகிலேயே ஓர் இந்துக் கோவிலும் உண்டு. வேலைக்காக வந்து, ஊர் திரும்பாமலேயே போனவர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இருக்கின்றன. வான் சாய் பக்கம் இறங்கினால் 1901இல் தொடங்கிய சீக்கியர் கோவில். வேலைக்காக வந்த பஞ்சாபிச் சீக்கியர்கள் நிறுவியது. எந்த நாட்டவர் எந்த மதத்தவர் போனாலும் அங்கே சோறு கிடைக்கும். மேற்கே ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் முதற்கட்டடத்துக்குப் பொருள் கொடுத்தவர் ஹோர்முஸ்ஜி மோடி என்ற பம்பாய்ப் பார்சி. 1910இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் 1912இல் திறக்கப்பட்டது.

மலையுச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1888இல் ஓடத் தொடங்கிய பீக் டிராம் புகழ்பெற்றது. வார இறுதியில் அதன் வரிசையும் நீளம். பேருந்தில் ஏறிப் போய், லகார்ட் சாலை வழியாக மலையைச் சுற்றிச் சுமார் ஒரு மணி நேரம் நடப்பது மேல். 1904 முதல் 1946 வரை அங்கே சீனர்கள் குடியிருக்கச் சட்டமே தடை போட்டிருந்தது. அந்த வீடுகளில் வேலை செய்யும் பணியாட்களுக்கு மட்டும் விலக்கு. மேலிருந்து தெரியும் அழகிய காட்சியோடு இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நகரம் வேறு ஆட்களுடையது. ஹாங்காங்கில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ் நாட்டவர், அடுத்து இந்தோனேசியர், இந்தியாவிலிருந்தும் சில ஆயிரம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒப்பந்த விதி. பலருக்குத் தனி அறை கிடையாது. எனவே ஓய்வு நாளில் போய் உட்கார ஒரு வீடு இல்லாதவர்கள் பொது இடத்துக்கு வருகிறார்கள். சேட்டர் சாலையில் அன்று வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஸ்டேட்யூ சதுக்கத்திலும் நடைமேம்பாலங்களிலும் அட்டைப் பெட்டிகளை விரித்து, காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து, நகத்துக்குச் சாயம் பூசி, சீட்டாடி, ஊரிலுள்ள பிள்ளைகளோடு பேசி, ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைக் கட்டி, நடனம் பழகி, சங்கக் கூட்டம் நடத்தி அந்த நாளைக் கழிக்கிறார்கள்.

நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த ஹெச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தின் தரைத்தளம் சுவரில்லாமல் திறந்து கிடக்கிறது. அந்தப் பெரும் நிழலிலும் அவர்கள் அமர்கிறார்கள். வாசலில் 1935இல் வார்த்த இரு வெண்கலச் சிங்கங்கள். உலகப்போரின் குண்டுத் தழும்பு இன்னும் அவற்றின்மேல் இருக்கிறது. இந்தோனேசியப் பெண்கள் கூடும் இடம் காஸ்வே பே பகுதியின் விக்டோரியா பூங்கா. கடலைத் தூர்த்து உண்டாக்கி 1957இல் திறந்த பூங்கா அது. அங்கே தொழுகைக்கும் இடம் காண்கிறார்கள்.

இந்தக் காட்சியை நடைபாதை இடைஞ்சல் என்று குறை சொல்வோர் உண்டு. அது நியாயமற்ற பேச்சு. நகரத்தின் பிள்ளைகளையும் முதியோரையும் ஆறு நாளும் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏழாம் நாளில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் கிடைப்பது மிகக் குறைந்தபட்சக் கடன். வேலைக்கு வந்த எந்த வெளிநாட்டவரும் இவர்களைப் படம் எடுத்துக்கொண்டு கடந்து போவதைவிட, அனுமதி கேட்டு அருகே உட்கார்ந்து பேசலாம். பெரும்பாலும் ஒரு தட்டு உணவும் கூடவே வரும்.

அதே ஞாயிறு காலையில் உள்ளூர்க் குடும்பங்கள் யம் சாவுக்குக் கூடும். பெரிய வட்ட மேசை. மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்த சிற்றுண்டிகள். பாட்டி முதல் பேரன் வரை. தேநீர் ஊற்றுபவருக்கு நன்றி சொல்ல இரு விரலால் மேசையைத் தட்டுவது வழக்கம். பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லிவிடலாம். புலால் உண்ணாதவர்கள் பௌத்த சைவ உணவகங்களைத் தேடினால் ஏமாற்றம் இராது.

மதியத்துக்குமேல் ஒரு தீவுக்குப் போக வேண்டும். சென்ட்ரல் துறையில் நான்காம் எண் லம்மாவுக்கு, ஐந்தாம் எண் சுங் சாவுக்கு. லம்மா அரை மணி நேரத் தூரம். கார்கள் இல்லாத தீவு. யூங் ஷூ வான் என்ற ஊரில் இறங்கி, மேடும் பள்ளமுமான பாதையில் ஒன்றரை மணி நேரம் மெதுவாக நடந்தால் சோக் குவூ வான். கடலோர மீன் உணவகங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நடுவழியில் தெரியும் மின்நிலையத்தின் பெரும் புகைபோக்கிகள் அழகைக் கெடுப்பதாகப் பலர் சொல்வார்கள். ஹாங்காங் தீவில் விளக்கெரியும் விதத்தை அவைதான் காட்டுகின்றன. சுங் சாவ் மீனவர் தீவு. 1783இல் கட்டிய பாக் தாய் கோவிலும் ஆண்டுதோறும் நடக்கும் அப்பத் திருவிழாவும் அதன் அடையாளம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பாய்ப்பலகை ஓட்டி ஹாங்காங்குக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த லீ லாய்-ஷான் இந்தத் தீவின் பெண்.

தீவுக்குப் போகும் வழியில் மேற்கே குவாய் சிங் சரக்குப் பெட்டக முனையத்தின் பளுதூக்கிகள் தெரியும். 1972இல் தொடங்கிய இந்த முனையங்களால் பல ஆண்டுகள் ஹாங்காங் உலகின் முதல் பெட்டகத் துறைமுகமாக இருந்தது; 2005இல் சிங்கப்பூர் முந்தியது. பின்னர் சீனத் துறைமுகங்களும் முந்தின.

காலத்தையும் பார்த்துப் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயிலும் ஈரமும் குறைந்த நல்ல பருவம். கோடையில் புயல் எச்சரிக்கை எட்டாம் எண்ணுக்கு ஏறினால் படகுகள் நின்றுவிடும். தீவிலிருந்து திரும்ப வழி இருக்காது. சோக் குவூ வானிலிருந்து படகுகள் குறைவு என்பதால் போகும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. 1997 முதல் புழக்கத்தில் உள்ள ஆக்டபஸ் அட்டை ஒன்றிருந்தால் படகு, டிராம், ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் அது போதும்.

வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கிடைப்பவர் இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது? மலையுச்சியை விடலாம், அது மழையற்ற எந்த மாலையிலும் வேலை முடிந்து போய்வரக் கூடியது. கடைவீதிகளை விடலாம். ஞாயிறு காலையில் மணிக்கூண்டின் அடியிலிருந்து ஸ்டார் ஃபெர்ரியில் ஏறி, சேட்டர் சாலையில் அமர்ந்திருக்கும் பெண்களிடையே சிறிது நேரம் இருந்து, பகலில் லம்மா போய், இருட்டும் வேளையில் படகில் திரும்புவதே சரியான தேர்வு. ஹாங்காங்கில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் இந்த ஒரு நாளை முதல் மாதத்திலேயே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஏற்கனவே அங்கிருப்பவர்கள் புதியவரை அழைத்துப் போக வேண்டும்.